மில்லுக்காரியின் மூன்றாவது குட்டி

பரணிலிருந்து முறம் ஒன்று தடாலென்று விழுந்தது. அதோடு சேர்ந்து, ஈரமாக, இன்னொன்றும் விழுந்தது.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த செல்லியம்மாள் ஊதுகுழலைப் போட்டுவிட்டு எழுந்தாள். மாட்டுக்கென்று சுவரோரம் போட்டிருந்த சாமைத் தாளின்மேல் முறம் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். பிறந்து கால் மணி நேரம்கூட ஆகாத பூனைக்குட்டி. தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. ஒரு புளியம்பழத்தின் நீளம்தான் இருக்கும். வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

பரண் விளிம்பிலிருந்து மில்லுக்காரி தலையை நீட்டிக் கீழே பார்த்தாள். விழுந்தது தன்னுடையதுதான் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று முகமே சொல்லியது.

மில்லுக்காரி என்பது பூனையின் பெயர். விதைச் சாமையை எலி தின்று தீர்க்கிறது என்று செல்லியம்மாளின் புருஷன் தீர்த்தகிரி போன ஐப்பசியில் சந்தவாசல் போய், அங்கே ஒரு நெல் மில்லில் சுற்றிக்கொண்டிருந்த பெட்டைக்குட்டியைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி மலைக்குக் கொண்டுவந்திருந்தான். பஸ்ஸில் அது போட்ட கூச்சலில் கண்டக்டர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார். மிச்சம் ஏழு மைல் அவன் நடந்தும், அது தோளில் தொங்கியும் வந்து சேர்ந்தார்கள். மில்லில் வளர்ந்தவள் அல்லவா, எலி பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெறத்தான் தெரியவில்லை. இதுதான் தலைச்சன் பிரசவம். பரணில் விரித்திருந்த பழைய கம்பளியின்மேல் இரண்டைப் போட்டுவிட்டு, மூன்றாவதுக்கு என்ன தோன்றியதோ, விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த முறத்தில் ஏறிப் படுத்திருக்கிறாள்.

வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த மங்கம்மாள் சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். செல்லியம்மாளின் மாமியார். அந்த மலையூரில் இருபத்தேழு வீடுகள். முப்பது வருஷமாக அத்தனை வீட்டுப் பிரசவமும் அவள் கையில்தான் நடந்தது. அந்த ஊரில் பிறந்த முப்பது வயதுக்குள்ளான தலைகளில், அவள் கையால் முதல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

“இன்னாடி விழுந்துச்சு?”

“குட்டிங்க அத்தை. மில்லுக்காரி போட்டது.”

“உசுரு இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அப்ப இன்னா பாத்துக்கினு நிக்கற? வெந்நி வையி.”

பூனைக்கு எதற்கு வெந்நீர் என்று கேட்கச் செல்லியம்மாளுக்குத் தோன்றவில்லை. பிள்ளை என்று ஒன்று பூமிக்கு வந்தால் மங்கம்மாள் செய்வது ஒரே முறைதான். கொடியை அறுப்பாள். மஞ்சள் கலந்த வெந்நீரில் அழுக்கெல்லாம் போகக் குளிப்பாட்டுவாள். வசம்பைச் சுட்டு உரைத்து வயிற்றிலும் நாக்கிலும் தடவுவாள். அதற்குப் பிறகுதான் தாயின் பக்கத்தில் விடுவாள். குட்டிக்கும் அதே மரியாதை நடந்தது. நூலால் கொடியைக் கட்டி அறுத்தாள். சட்டியில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, இரண்டு விரலால் தலையைத் தாங்கிக்கொண்டு ஊற்றினாள். பிறகு துணியால் துடைத்து, வசம்பை வயிறு முழுக்கப் பூசினாள். மூக்கைத் துளைத்த அந்தக் காரத்தில் செல்லியம்மாளுக்கே குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்லியம்மாள் ஏணியில் ஏறி, மஞ்சள் பூத்த அந்த ஜீவனைக் கம்பளியின்மேல் மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். மில்லுக்காரி மூக்கை நீட்டி மோந்தாள். உடனே தும்மினாள். இன்னொரு தடவை மோந்துவிட்டு, காதைப் பின்னால் மடித்துச் சீறினாள். முன்காலால் அதைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள்.

மறுபடி வைத்தார்கள். மறுபடி தள்ளினாள்.

“மொதப் பிரசவம் இல்ல, அதான்” என்றாள் மங்கம்மாள் கீழே நின்றபடி. “புள்ள வளக்கற கை இல்ல இதுக்கு.”

சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வெளியே போய்ப் புளி தட்ட உட்கார்ந்தாள்.

செல்லியம்மாள் ஏணியின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். அதே வார்த்தையைப் போன ஆடியில் ஊர்ப் பெண்கள் அவளைப் பற்றிச் சொன்னார்கள். மாசம் நிறையாமல் பிறந்த பெண்குழந்தை. நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. மங்கம்மாள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்களை அதட்டவும் இல்லை. அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கைக்குழந்தையையும் யாரும் செல்லியம்மாளிடம் தூக்கக் கொடுப்பதில்லை.

அவள் குட்டியை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இது நாலு நாள் தாண்டிவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணுவிடம் ஆடுகள் இருந்தன. விஷயம் கேள்விப்பட்டு, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பால் கறந்து கொண்டுவந்தான். குட்டியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“மலைக்குக் கீழ இருந்து வந்த கீழ்நாட்டுக்காரி பெத்தது இல்ல, நம்ம ஊரு மஞ்சத்தண்ணி சேரல போல. காப்பி வெச்சுக் குடுத்துப் பாரு.”

“போண்ணா, நீ வேற.”

“இல்ல செல்லி, சொல்றேன் கேளு. ரெண்டு இருக்குது, அது போதும். இது நாளைக்கு இருக்காது.”

அவன் போன பிறகு, பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். இரண்டு சொட்டு உள்ளே போனது. போனது அப்படியே மூக்கு வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு வெளியே வந்தது. குட்டி திணறியது. பதறிப்போய்த் தலைகீழாகப் பிடித்து, துணியால் மூக்கைத் துடைத்தாள். அப்போதுதான் அவளுடைய சுண்டுவிரல் அதன் வாய்க்குள் பட்டது. உள்ளே சில்லென்று இருந்தது, சுனைத் தண்ணீரில் விரலை விட்டதுபோல.

செல்லியம்மாள் பிறந்தது மலையின் மறுசரிவில், ஆடு வளர்க்கிற வீட்டில். அங்கே ஈன்ற குட்டி மழையில் நனைந்து விறைத்துப் போனால் முதலில் யாரும் பால் காட்ட மாட்டார்கள். வாய் சுடுகிற வரைக்கும் அடுப்போரம் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். குளிர்ந்த வயிற்றில் பால் நிற்காது, எமனாகிவிடும் என்று அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இப்போது அவசரப்பட்டுவிட்டாள்.

ஆட்டுக்குட்டிக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்தது. பூனைக்குட்டிக்கும் தெரிந்தது. தன் குழந்தைக்கு?

குழந்தை இருந்த அந்த நாலு நாளும் மங்கம்மாள் வேளைக்கு ஒரு முறை வெந்நீர் ஊற்றினாள். சின்ன உடம்பு, குளித்தால்தான் சதை பிடிக்கும் என்றாள். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் மார்பில் வைத்தபோது குழந்தையின் வாய் சில்லென்று இருந்தது. செல்லியம்மாளுக்கு அது ஞாபகம் இருந்தது. பெரிய மருத்துவச்சி செய்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள். அதுவும் ஞாபகம் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வேலை இருந்தது. வறுக்கிற ஓட்டில் இரண்டு கைப்பிடி சாமையைப் போட்டுச் சூடேற்றினாள். பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுடாமல் கதகதப்பாக இருக்கிற பதம் வந்ததும், குட்டியை மடியில் வைத்து மூட்டையை அதன்மேல் அணைத்துக் கட்டினாள். சூடு ஆறினால் மறுபடி ஓட்டில் போட்டாள். அப்படியே குனிந்து நிமிர்ந்து சமைத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். நேரம் உச்சியைத் தாண்டியது. மடிக்குள் ஏதோ முட்டியது. எடுத்துப் பார்த்தாள். தலை ஆடி ஆடித் தேடியது. வாய்க்குள் விரல் வைத்தாள். சூடு. அதோடு, விரலைப் பிடித்து இழுத்தது.

இனிமேல் பால் வேண்டும். ஆட்டுப்பாலைத் திரியில் எத்தனை நாள் கொடுப்பது? தாயிடம் சேர்ந்தால்தான் பிழைக்கும்.

தாய் ஏன் தள்ளுகிறாள் என்பது அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. இந்த வசம்பு நாற்றம் மனுஷிக்கே குமட்டுகிறது. பெற்ற வாசனை போய், மருந்துப் பெட்டி வாசனையோடு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால், மில்லுக்காரி அதைத் தன் பிள்ளை என்று எப்படி நம்புவாள்?

தண்ணீரில் கழுவினால் மறுபடி குளிர்ந்துவிடும். அதனால் தவிட்டை லேசாகச் சூடாக்கி, குட்டியின் உடம்பில் போட்டு உரசி உரசி மஞ்சளையும் வசம்பையும் உதிர்த்தாள். பரணில் ஏறி, பிரசவ ஈரம் ஊறியிருந்த கம்பளியின் ஒரு மூலையைக் கத்தியால் அறுத்தாள். அதைக் குட்டியின் தலையிலிருந்து வால்வரை தேய்த்தாள். மங்கம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குளிப்பாட்டுன புள்ளைக்கு மறுபடி அழுக்கு பூசறியா?”

“அழுக்கு இல்லீங்க அத்தை. அதோட ஆத்தா வாசனை.”

மங்கம்மாள் வாசற்படியைவிட்டு நகரவில்லை.

கடைசியாகச் செல்லியம்மாள் ஒரு துணி நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தாய்ப்பூனை நக்குவதுபோலக் குட்டியின் வாலடியில் மெல்லத் தடவிக் கொடுத்தாள். நாலைந்து தடவலில் அது அவள் உள்ளங்கையிலேயே மூத்திரம் பெய்தது. இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம், இது பூனைக்குட்டிதான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஓரம் கிழிந்த கூடை ஒன்றில் கம்பளியை மடித்துப் போட்டு, பரணில் இருந்த இரண்டையும் கீழே கொண்டுவந்தாள். மில்லுக்காரி திட்டிக்கொண்டே பின்னால் இறங்கி வந்தாள். கூடைக்குள் குதித்ததும் மூன்றையும் மாறி மாறி மோந்தாள். மூன்றாவதில் மூக்கு நின்றது. மில்லுக்காரி ஒரு தடவை நக்கினாள். என்னமோ யோசித்தாள். பிறகு வாலடியிலிருந்து ஆரம்பித்து, விட்டுப்போன வேலையை முடிப்பவள்போல மளமளவென்று நக்கத் தொடங்கினாள்.

ஆனால் பால் கொடுப்பது என்றால் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. குட்டிகள் முட்டினால் கூச்சம் தாங்காமல் எழுந்தாள்; எழுந்தவள் சின்னதின்மேலேயே உட்கார்ந்தாள். செல்லியம்மாள் கூடை ஓரத்தில் உட்கார்ந்து, காதடியில் சொறிந்து கொடுத்து அவளைச் சாய்த்தாள். பெரிய குட்டிகள் இரண்டும் முன்பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, சின்னதைப் பின்காம்பில் பிடித்து வைத்தாள். வழுக்கியது. வைத்தாள். வழுக்கியது. எத்தனையாவது தடவை என்று தெரியாது, அதன் காது இரண்டும் துடித்தன. தொண்டை ஏறி இறங்கியது.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மங்கம்மாள் சட்டியில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்பது நாள் தினமும் தண்ணீர் என்பது அவளுடைய கணக்கு.

செல்லியம்மாள் போய்க் கூடைக்கு முன்னால் நின்றாள். கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் மாமியாரின் வார்த்தைக்குக் குறுக்கே அவள் நின்றதில்லை.

“வேணாங்க அத்தை.”

“இன்னா வேணாம்?”

“தண்ணி வேணாம். குளுந்து போய்டும். வாய் குளுந்துட்டா பால் குடிக்காதுங்க. மோந்து பாத்துட்டு அவளும் சேத்துக்க மாட்டா.”

“முப்பது வருசமா ஊத்தறேன். எனக்குச் சொல்றியா நீ?”

“பூனைக்குத்தாங்க சொல்றேன்” என்றாள் செல்லியம்மாள். சொன்னது பூனைக்காக மட்டும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மங்கம்மாள் கூடையைப் பார்த்தாள். சின்னது பின்காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மஞ்சள் தண்ணீரைப் பூசணிக்கொடிக்கு ஊற்றும் சத்தம் கேட்டது. அன்று முழுக்க அவள் மருமகளோடு பேசவில்லை. சாயங்காலம் ராஜாக்கண்ணு எட்டிப் பார்த்து, கீழ்நாட்டுக்காரியின் பிள்ளைக்குக் காப்பி ஆயிற்றா என்று கேட்டபோது, வேலை வெட்டி இல்லையா உனக்கு என்று அவனை விரட்டியதும் அவள்தான்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே ஓடின. சாமை மூட்டை சூடானது, ஆறியது, மறுபடி சூடானது. செல்லியம்மாள் களையெடுக்கப் போகும்போது சின்னதைத் தாயிடம் சேர்த்துவிட்டுப் போவாள். பாதி வேலையில் ஓடி வருவாள். ஒருமுறை அவள் வரும்போது மங்கம்மாள் கூடையோரம் குந்தியிருந்தாள். சின்னதை இரண்டு விரலால் பின்காம்பில் பிடித்திருந்தாள். மருமகளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, கூடையில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தேன் என்றாள். எறும்பு ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் வந்தது. விடிவதற்கு முன்பே செல்லியம்மாள் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். விடிந்தது. குட்டி மூச்சு விட்டது. வெயில் ஏறியது. குட்டி பால் குடித்தது. களையெடுக்கவும் போகாமல், கஞ்சியும் குடிக்காமல் அவள் அங்கேயே இருந்தாள். சாப்பிடச் சொல்லி மங்கம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானும் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மத்தியானம் மில்லுக்காரி எழுந்தாள். சோம்பல் முறித்தாள். பெரிய குட்டி ஒன்றைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டின் மூலையில் காலித் தொம்பை ஒன்று சாய்ந்து கிடந்தது. மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய, ஆள் உயரத் தானியக்கூடு. அறுப்புக்கு முன்னால் மறுபடி மெழுக வேண்டும் என்று கிடத்தியிருந்தார்கள். மில்லுக்காரி அதன் இருட்டுக்குள் போனாள். திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்விக்கொண்டு போனாள்.

பிறகு வரவில்லை.

கூடையில் சின்னது மட்டும் கிடந்தது. தலையைத் தூக்கி இந்தப் பக்கம் தேடியது. அந்தப் பக்கம் தேடியது. கம்பளியில் மூக்கை இடித்துக்கொண்டது. தொம்பைக்குள்ளிருந்து மற்ற இரண்டும் பால் குடிக்கிற முனகல் கேட்டது.

செல்லியம்மாள் எழுந்து கூடைப் பக்கம் கையை நீட்டினாள். மங்கம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு.”

“குளுந்து போய்டுங்க அத்தை.”

“கொஞ்சம் பொறு. நீயே எடுத்துக் குடுத்தா அவ எப்பத்தான் எடுப்பா?”

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வெளியே ராஜாக்கண்ணுவின் ஆடுகள் கத்திக்கொண்டு போயின. தொம்பையின் வாயில் மில்லுக்காரியின் முகம் தெரிந்தது. வெளியே வந்தாள். கூடையைத் தாண்டி நேராகத் தண்ணீர்ச் சட்டிக்குப் போய், அவசரமே இல்லாமல் நக்கிக் குடித்தாள். மீசையைத் துடைத்தாள். திரும்பித் தொம்பையைப் பார்த்து நடந்தாள்.

அப்போது சின்னது கத்தியது. பிறந்ததிலிருந்து சத்தமே வராத வாய். மெல்லியதுதான், ஆனால் கூர்மையாக இருந்தது.

மில்லுக்காரி நின்றாள். காதுகள் திரும்பின. ஒரே தாவலில் கூடைக்குள் இருந்தாள். முதலில் பின்காலைக் கவ்வினாள். குட்டி இன்னும் பலமாகக் கத்தியது. விட்டாள். வயிற்றைக் கவ்வப் பார்த்தாள், அதுவும் சரிவரவில்லை. பிறகு எப்படியோ பிடரி வாய்க்குள் வந்தது. குட்டி கால்களைச் சுருட்டிக்கொண்டு அடங்கித் தொங்கியது. தலையை உயர்த்திக்கொண்டு, இரண்டு பெண்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், மில்லுக்காரி தொம்பைக்குள் போனாள்.

உள்ளே மூன்று முனகல் கேட்டன. செல்லியம்மாள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றுதான். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

மங்கம்மாள் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. இன்னொரு கையை, கரு தங்கியது இன்னும் யாருக்கும் தெரியாத மருமகளின் வயிற்றில், முப்பது வருஷப் பழக்கத்தில் மெல்ல வைத்தாள்.

“ஐப்பசியில உனக்குப் பொறக்கறத நான் குளிப்பாட்ட மாட்டேன் செல்லி, பொறந்த ஈரத்தோட அப்படியே உன் மார்ல போட்டுடறேன்.”